சட்டத் தொகுப்பு: யாருக்கு நிச்சயம்?

2025 நவம்பர் 21-ம் தேதி முதல் நாட்டில் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்திருக்கின்றன. சம்பளம் பற்றி ஒன்று, தொழில் உறவு பற்றி ஒன்று, சமூகப் பாதுகாப்பு பற்றி ஒன்று, வேலையிடத்துப் பாதுகாப்பும் சுகாதாரமும் வேலை நிலைமைகளும் பற்றி ஒன்று. இந்த நாலுக்குள் 29 மத்தியச் சட்டங்கள் அடக்கப்பட்டுவிட்டன. 1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம், 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம், 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 1947-ம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம், 1948-ம் ஆண்டு பாக்டரிச் சட்டம், அதே ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எல்லாம் அந்த 29-ல் சேர்ந்தவை. நம் தகப்பன்மார்களும் பாட்டன்மார்களும் தடியடி பட்டும் பட்டினி கிடந்தும் பெற்ற சட்டங்கள் இவற்றில் பல.

சிதறிக் கிடந்த சட்டங்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டோம், இனிக் குழப்பத்துக்கு இடமில்லை, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சட்டம் இன்னதென்று நிச்சயமாகத் தெரியும் என்று மத்திய சர்க்கார் சொல்லுகிறது. 2002-ல் இரண்டாவது தேசியத் தொழிலாளர் கமிஷன் சட்டங்களை இனவாரியாகத் தொகுக்கச் சிபாரிசு செய்ததையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது.

சட்டங்களைத் தொகுப்பதை நாம் எதிர்க்கிறோமா? இல்லவே இல்லை. சட்டம் சிதறிக் கிடந்ததால் கஷ்டப்பட்டது யார்? முதலாளியிடம் வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், பெர்சனல் ஆபீசர் இருக்கிறார். இருபத்தொன்பது அல்ல, நூறு சட்டம் இருந்தாலும் அவருக்குப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. தொழிலாளிக்கோ பிராவிடண்ட் பண்டுக்கு ஓர் ஆபீஸ், கிராஜுவிட்டிக்கு ஓர் ஆபீஸ், விபத்துக்கு வேறோர் இடம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். அங்கே போனால், "உன் கேஸ் இந்தச் சட்டத்தில் வராது, அடுத்த கட்டடத்துக்குப் போ" என்பார்கள்.

சம்பளம் என்ற ஒரே சொல்லுக்குச் சட்டத்துக்குச் சட்டம் வேறு வேறு அர்த்தம் இருந்தது. இதை வைத்து நடந்த மோசடியை ஆலைத் தொழிலாளிகள் நன்றாக அறிவார்கள். ஒரு தொழிலாளிக்கு மாதம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 5,000 மட்டும் இருக்கும். மீதியெல்லாம் வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அந்தப் படி, இந்தப் படி! பத்து வருஷம் உழைத்துவிட்டு விலகும்போது அந்த 5,000-க்குத்தான் கணக்கு. வருஷத்துக்கு 15 நாள் வீதம் கிராஜுவிட்டி சுமார் 28,800 ரூபாய். புதிய சம்பளத் தொகுப்பு, விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. அதே தொழிலாளிக்கு இனி 8,000-க்குக் கணக்கு. கிராஜுவிட்டி சுமார் 46,100 ரூபாய் ஆகும்.

இது நல்ல ஷரத்துதான். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கு இருந்த தொழில் அட்டவணை போய்விட்டது. அட்டவணையில் இல்லாத தொழிலாளிக்கும் இனி அந்த உரிமை உண்டு. கூலி பாக்கிக்கு மனுச் செய்ய முன்பு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 6 மாதம்தான் கெடு. இப்போது 3 ஆண்டு. இவற்றைத் தொழிற்சங்கங்கள் பல காலமாகக் கேட்டு வந்தன.

நம் சண்டை தொகுத்ததைப் பற்றியதல்ல. தொகுக்கிற சாக்கில் செய்ததைப் பற்றியது.

களத்தில் 29 மூட்டை நெல் கிடக்கிறது. நாலு குதிரில் கொட்டி வைக்கிறேன் என்று ஒருவர் சொல்லுகிறார். நல்ல காரியம், கொட்டட்டும். கொட்டி முடித்த பிறகு அளந்து பார்த்தால் நெல் குறைகிறது என்றால், குதிர் எவ்வளவு அழகாக மெழுகப்பட்டிருக்கிறது என்றா பேசிக்கொண்டிருப்போம்? குறைந்த நெல் எங்கே என்றுதானே கேட்போம்!

அளந்து பார்ப்போம். 100 தொழிலாளிகளோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஆட்குறைப்புச் செய்யவோ, லே-ஆப் கொடுக்கவோ, ஆலையை மூடவோ சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது. இந்த 100 வந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1976-ல் இந்த அத்தியாயத்தைச் சட்டத்தில் சேர்த்தபோது எண்ணிக்கை 300. ஆலை முதலாளிகள் 300-க்குக் கீழே நின்றுகொண்டு தப்பலாம் என்பதால், 1982-ம் ஆண்டுத் திருத்தம் அதை 100 ஆக்கியது. இப்போது தொழில் உறவுத் தொகுப்பு மறுபடியும் 300-க்குக் கொண்டுபோய்விட்டது. அதோடு நின்றதா? இதற்கு மேலும் உயர்த்த வேண்டுமானால் சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று 300, நாளை 500 என்றால் பார்லிமெண்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை!

நிலையாணைகளின் கதியும் இதுதான். வேலை நேரம் என்ன, ஷிப்டு எப்படி மாறும், லீவு எப்படிக் கேட்பது, குற்றப்பத்திரிகை கொடுக்காமல் டிஸ்மிஸ் செய்யலாமா, விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வைக்கச் சொன்னது 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டம். அந்த நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளிக்குப் புரிகிற பாஷையிலும் எழுதி, தொழிலாளிகள் நுழைகிற வாசலருகே பலகையில் போட வேண்டும் என்றும் அது சொன்னது. சட்ட நிச்சயம் என்று பெரிய வார்த்தை பேசுகிறார்களே, ஒரு தொழிலாளிக்குச் சட்ட நிச்சயம் என்றால் வாசலில் மாட்டிய அந்தப் பலகைதான். மேஸ்திரி "நாளைக்கு வராதே" என்றால், பலகையைக் காட்டி "இந்தச் சட்டப்படி சொல்லு" என்று கேட்கலாம். 100 பேர் இருக்கும் இடத்தில் பலகை கட்டாயமாக இருந்தது. இப்போது அதற்கும் 300 பேர் வேண்டும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் எத்தனை ஆலையின் மஸ்டர் ரோலில் 300 பேர் இருக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் தோழர்களைக் கேளுங்கள். உள்ளே 500 பேர் உழைப்பார்கள். மஸ்டர் ரோலில் 200 பேர் இருப்பார்கள். மீதிப் பேர் காண்ட்ராக்ட், பயிற்சியாளர்!

அந்தப் பயிற்சியாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில் நம் ஏழைப் பெண்களின் உழைப்பைச் சுரண்டியதை நாம் மறக்கவில்லை. அப்ரெண்டிஸ் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டவர் தொழிலாளி அல்ல என்ற விலக்கு புதிய தொகுப்புகளிலும் இருக்கிறது. 29 சட்டங்களை உடைத்துச் செதுக்கிப் புதிதாகக் கட்டினார்கள். இந்த ஓட்டையை அடைக்க மட்டும் கை வரவில்லை.

காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தால் பாய்ந்தது, இனி 50 பேர் வேண்டும். மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் பாக்டரி என்றது 1948-ம் ஆண்டுச் சட்டம், இனி 20. மின்சக்தி இல்லாத இடத்தில் 20 இருந்தது, இனி 40. வெளி மாநிலத்திலிருந்து வரும் தொழிலாளிகளுக்கான சட்டம் 5 பேருக்குப் பொருந்தியது, இனி 10. ஊரைவிட்டு வந்ததற்காக அவர்களுக்கு முன்பு சட்டப்படி உரிய இடப்பெயர்வுப் படியும் புதிய தொகுப்பில் காணோம். ஒவ்வோர் எண்ணும் ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. தொகுப்பவன் கை தவறி எழுதினால் இரண்டு எண்ணாவது நம் பக்கம் சாய்ந்திருக்காதா?

தொழிற்சங்கச் சட்டம் என்று சொன்னோமே, அதன் பிறப்பு சென்னைக்குச் சொந்தமானது. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி. பி. வாடியா தலைவர். திரு. வி. க., செல்வபதி செட்டியார் முதலானவர்கள் உடன் நின்றார்கள். 1920-ல் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு வந்தது. ஆலை முதலாளிகள் நேரே ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு! கோர்ட்டும் தடை உத்தரவு போட்டது. அதாவது, சங்கம் வைத்ததே குற்றம், கூலியைப் பற்றித் தொழிலாளியிடம் பேசியதே குற்றம். 1921-ல் வேலைநிறுத்தம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிர் நீத்தார்கள்.

அன்றும் சட்டம் நிச்சயமாகத்தான் இருந்தது! அதில் சந்தேகமே கிடையாது. 1859-ம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம் என்று ஒன்று இருந்தது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மூன்று மாதம் வரை கடுங்காவலில் போடலாம். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று போட்ட அந்தச் சட்டம் தோட்டங்களுக்கும் பரவியது. அதில் குழப்பம் எங்கே இருந்தது? முதலாளி சொன்னால் மாஜிஸ்டிரேட் கேட்பார், தொழிலாளி உள்ளே போவான். அவ்வளவு தெளிவு! அந்தச் சட்டத்துக்கு முடிவு கட்டுகிற சட்டம் 1925-ல்தான் வந்தது. வாடியா வழக்கின் சூட்டில் என். எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர, ஐந்து வருஷம் கழித்து 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சட்டம் தெளிவாக இருந்தால் போதாது, அந்தத் தெளிவு யாருடைய பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதைப் பெரம்பூர்த் தொழிலாளி யாருடைய பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை, தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டான்.

இப்போது அந்தச் சட்டம் தொழில் உறவுத் தொகுப்புக்குள் போய்விட்டது. உடன் போன சங்கதியைப் பாருங்கள். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லா ஆலைக்கும் கட்டாயம். முன்பு இது பொது உபயோக சேவைகளுக்கு மட்டும் இருந்தது. பஞ்சாலைகளையும் அப்படி அறிவிக்கலாம் என்று ஓர் அட்டவணை இருந்தது உண்மை. ஆனால் அதற்குத் தனி அறிவிப்பு வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் போனால் நீட்டிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். இப்போது அந்த வேலையெல்லாம் மிச்சம்! அறிவிப்புக் கொடுத்ததும் சமரச அதிகாரி கூட்டம் போடுவார். சமரசம் நடக்கும்போதும் முடிந்த பின் ஏழு நாளும் வேலைநிறுத்தம் கூடாது. விவகாரம் டிரிப்யூனலுக்குப் போனால் அங்கே நடக்கிற காலமும் முடிந்த பின் அறுபது நாளும் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாம். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளிக்குப் பழைய சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இப்போது குறைந்தது 1,000, அதிகபட்சம் 10,000. ஒரு மாதச் சிறை அப்படியே இருக்கிறது.

முதலாளி விஷயத்தில் என்ன செய்தார்கள்? குறைந்தபட்சக் கூலி கொடுக்காதவருக்குப் பழைய சட்டத்தில் ஆறு மாதச் சிறை வரை இருந்தது. இப்போது முதல் தடவை பிடிபட்டால் அபராதம் மட்டும், 50,000 ரூபாய் வரை. ஐந்து வருஷத்துக்குள் மறுபடி செய்தால்தான் சிறை, அதுவும் மூன்று மாதம் வரை. பழைய 500 ரூபாய் அபராதம் கேலிக்கூத்து, அதை உயர்த்தியது சரி. ஆனால் தொழிலாளிக்குச் சிறையை வைத்துக்கொண்டு முதலாளிக்கு மட்டும் எடுத்தது எந்தத் தொகுப்பு இலக்கணம்?

இன்ஸ்பெக்டர் என்ற பெயரும் போய்விட்டது. இனி அவர் இன்ஸ்பெக்டரும் வழிகாட்டியுமாம். முதலாளிக்கு வழிகாட்ட இத்தனை நாள் ஆள் இல்லாமல் தவித்தார்கள் போலும்!

இன்னொரு விஷயம் உண்டு. மேலே சொன்ன எண்களைவிட ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாதது. புதிய தொகுப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு வாசகம் வருகிறது: "உரிய சர்க்கார் விதிக்கிறபடி". பழைய சட்டங்களிலும் இது உண்டுதான். ஆனால் எதைச் சட்டத்தில் எழுதுவது, எதை விதிக்கு விடுவது என்ற வரம்பு இப்போது மாறிவிட்டது. பாக்டரிச் சட்டத்தில் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, இடைவேளை சேர்த்து ஆலையில் இருக்கும் நேரம் பத்தரை மணி என்று பார்லிமெண்டே எழுதி வைத்திருந்தது. புதிய தொகுப்பில் 8 மணி நேரம் என்று இருக்கிறது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளமும் இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இடைவேளை எவ்வளவு, ஆலைக்குள் மொத்தம் எத்தனை மணி, மூன்று மாதத்தில் எத்தனை மணி ஓவர்டைம் வாங்கலாம் என்பதெல்லாம் விதிக்கும் அறிவிப்புக்கும் போய்விட்டது. சட்டத்தை மாற்ற மசோதா வேண்டும், சபையில் விவாதம் வேண்டும், கைதூக்க வேண்டும். விதியை மாற்றக் கெஜட்டில் ஒரு பக்கம் போதும்.

இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லுகிறோம்.

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 17-ல் குஜராத் சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்கலாம், மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டியதில்லை என்றது. தொழிற்சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பாக்டரிச் சட்டத்தில் பொது அவசர நிலை என்பதற்கு அர்த்தம் எழுதப்பட்டிருந்தது. யுத்தம், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வந்தால்தான் அது அவசர நிலை. தொற்று நோயால் வந்த பொருளாதாரக் கஷ்டம் அதில் அடங்காது என்று சொல்லி, 2020 அக்டோபர் 1-ல் சுப்ரீம் கோர்ட் அந்த அறிவிப்பை ரத்துச் செய்தது. சட்டத்தில் வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்திருந்ததால்தான் தொழிலாளி வென்றான். உண்மையான சட்ட நிச்சயம் இதுதான். ஆனால் தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்புதான் பார்லிமெண்டில் புதிய பாதுகாப்புத் தொகுப்பு நிறைவேறியிருந்தது. அதில் விலக்குக் கொடுக்கும் ஷரத்தில் அவசர நிலையோடு பேரிடர், பெருந்தொற்று என்ற வார்த்தைகளும் சேர்ந்து நிற்கின்றன. ஒரு தடவைக்கு ஒரு வருஷம் வரை சட்டத்திலிருந்தே விலக்களிக்கலாம்! கோர்ட் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே புதுக் கதவு வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது சம்பவம் நம் வீட்டில் நடந்தது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டசபையில் பாக்டரிச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. சட்டசபைக்கு வந்ததால் அது வெளிச்சத்துக்கு வந்தது, வெளிச்சத்துக்கு வந்ததால் நிறுத்த முடிந்தது. அதே காரியத்தை இனி ஓர் அறிவிப்பில் செய்யலாம் என்றால், விடிந்து ஷிப்டுக்குப் போகும்போதுதான் நமக்குத் தெரியும்.

பார்லிமெண்டில் இந்தத் தொகுப்புகள் வந்த விதத்தை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத் தொகுப்பு 2019-ல் வந்தது. மற்ற மூன்றும் 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில், எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்திருந்த வேளையில், இரண்டே நாளில் இரண்டு சபைகளையும் தாண்டின. முதலாளி, தொழிலாளி, சர்க்கார் மூவரும் உட்காரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015-ல் கூடியது. தொகுப்புகள் நிறைவேறும்வரை மறுபடி கூட்டப்படவே இல்லை.

அந்த மாநாட்டின் பெயரைச் சொன்னதும் வயலில் உழைக்கும் நம் தோழர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 1957-ல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று ஏகமனதாக ஒரு சூத்திரம் வகுத்தது. உழைப்பவரின் குடும்பத்துக்கு மூன்று பேர் சாப்பாட்டுக் கணக்கு, ஆளுக்கு 2,700 கலோரி, தலைக்கு வருஷத்துக்கு 18 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகுக்கும் விளக்குக்கும் மற்றவற்றுக்கும் 20 சதவிகிதம். குழந்தைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம் முதலியவற்றுக்கு இன்னும் 25 சதவிகிதம் சேர்க்கச் சொன்னது 1991-ல் சுப்ரீம் கோர்ட். அறுபது வருஷத்துக்கு மேலான இந்தச் சூத்திரத்தைச் சட்டத்தின் உடலில் எழுதியிருந்தால் அதுவல்லவா நிச்சயம்! எழுதவில்லை. அதையும் விதிக்கு விட்டார்கள். தரைக் கூலி என்று ஒன்றை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கும், அதற்குக் கீழே எந்த மாநிலமும் போகக்கூடாது என்கிறது புதிய தொகுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு? சட்டக் கட்டாயம் இல்லாமல் முன்பு சொல்லி வந்த தேசியத் தரைக் கூலி 2017-ல் நாளுக்கு 176 ரூபாய். 2019-ல் சர்க்கார் அமைத்த நிபுணர் குழுவே 2018-ம் ஆண்டு விலைவாசிப்படி 375 ரூபாய் வேண்டும் என்றது. அந்த வருஷமே சர்க்கார் உயர்த்தியது இரண்டு ரூபாய்! 176 என்பது 178 ஆயிற்று. நடவு நட்டு நிமிர்கிற பெண்ணுக்கு அந்த இரண்டு ரூபாயில் ஒரு கிளாஸ் டீ வராது.

விவசாயத் தொழிலாளிக்குக் கூலியைச் சட்டத்தில் எழுத வைப்பது எவ்வளவு பெரிய போராட்டம் என்பது கீழத்தஞ்சைக்குத் தெரியும். கூடுதல் கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையில் எரிந்தன. அதன் பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது மாநிலச் சட்டம், 29-ல் சேர்ந்ததல்ல. ஆனால் அந்தச் சாம்பலை அறிந்தவர்கள், கூலியை எழுதுகிற அதிகாரத்தைக் கெஜட்டிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்க மாட்டார்கள்.

சம்பளத் தொகுப்பில் விவசாயத் தொழிலாளி கவனிக்க வேண்டிய இரண்டு ஷரத்துகள் உண்டு. ஒன்று கொடுக்கிறது, ஒன்று பறிக்கிறது. கூலி கொடுக்கவில்லை என்றோ குறைத்துக் கொடுத்தார்கள் என்றோ மனுக் கொடுத்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இது பெரிய விஷயம். பிரெஞ்சு தேசத்தில் நெப்போலியன் 1804-ல் சிதறிக் கிடந்த சட்டங்களையெல்லாம் திரட்டிச் சிவில் சட்டம் தொகுத்தான். சட்டத் தொகுப்புக்கு உலகமே அதைத்தான் உதாரணம் காட்டுகிறது. அதில் 1781-வது ஷரத்து என்ன சொல்லிற்று தெரியுமா? கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா இல்லையா என்ற தகராறில் எஜமானன் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டும் என்றது! 1868-ல்தான் அதை எடுத்தார்கள். அங்கிருந்து இங்கே வர எத்தனை தலைமுறைப் பாட்டாளிகள் போராடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பறிக்கிற ஷரத்து இது. விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காத முதலாளி பதிவேடு வைக்க வேண்டியதில்லை, கூலிச் சீட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு ஏதாவது நியாயமான ஆதாரம் காட்டினால் போதும். நம் கிராமங்களில் வேலை எப்படி நடக்கிறது? காலையில் நாலு பேரை இந்த வயலுக்கு, நாலு பேரை அந்த வயலுக்கு என்று கூப்பிடுகிறார்கள். வேலை நியமனக் கடிதம் எல்லோருக்கும் என்கிறது பாதுகாப்புத் தொகுப்பு. அதற்கும் 10 பேர் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். வரப்பு எப்போது நிறுவனமாயிற்று? ஆகக் கடிதமும் இல்லை, சீட்டும் இல்லை, மஸ்டரும் இல்லை. யாரிடம் எத்தனை நாள் வேலை செய்தாள் என்பதற்கு அவள் ஞாபகம் ஒன்றே சாட்சி.

நாம் கேட்பது இதுதான். தொகுப்பதானால் உண்மையாகத் தொகுத்துத் தாருங்கள். 100 என்று இருந்தது 100 ஆகவே இருக்கட்டும். வேலை நேரமும், இடைவேளையும், ஓவர்டைம் வரம்பும், 1957-ம் ஆண்டுக் கூலிச் சூத்திரமும் சட்டத்திலேயே எழுதப்படட்டும். அறிவிப்பின் மூலம் எண்ணை உயர்த்துகிற அதிகாரமும், விலக்களிக்கிற அதிகாரமும் போகட்டும். தொழிலாளர் மாநாட்டைக் கூட்டி முகத்துக்கு முகம் பேசுங்கள். 2020 நவம்பர் 26-லும் 2025 ஜூலை 9-லும் கோடிக்கணக்கான உழைப்பாளிகள் வேலையை நிறுத்திக் கேட்டது இதைத்தான். தொழிலாளர் விஷயம் மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. விதி எழுதும் பேனா பெரும்பாலான ஆலைகளுக்கு மாநில சர்க்காரின் கையில் இருக்கிறது. 2023-ல் மே தினத்தன்று வாபஸ் வாங்கியதை விதியின் கொல்லைப்புற வழியாகத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று கோட்டைக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. நல்ல ஷரத்துகள் நாலைந்து இருக்கின்றன என்றோமே, அவற்றை அமுலாக்க வைப்பதும் சங்கத்தின் வேலைதான். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். எந்தத் தேதியில், யார் வயலில், எத்தனை பேர், என்ன கூலி என்று மாலையில் ஒருவர் எழுதி வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆலைகளில் சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்துக்கொண்டு, படிகள் பாதிக்கு மேல் போகிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். முதலாளி எடுத்துவிட்ட வாசல் பலகைக்குப் பதில், சங்கமே ஒரு பலகை எழுதி ஆலைக்கு எதிரில் உள்ள டீக்கடையிலும், ஆள் கூப்பிடுகிற நாற்சந்தியிலும் மாட்டட்டும். அதில் கூலி பாக்கிக்கு மூன்று ஆண்டு வரை மனுச் செய்யலாம் என்பதும், கொடுத்ததை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்பதும் நல்ல தமிழில், தூரத்திலிருந்து தெரிகிற எழுத்தில் இருக்கட்டும்.